எத்தனை சுற்று?

வேப்பம்பட்டில் நாங்கள் குடியேறிய ஐந்தாவது வருஷம், என் தங்கை தலைப் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாவது மாதத்தில் அவனுக்கு வயிற்று வலி கண்டது. பகலெல்லாம் சமர்த்தாக இருப்பான். விளக்கு வைத்ததும் ஆரம்பித்துவிடுவான். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க அவன் அழுகிற அழுகையில் கடைசி மின்சார ரயில் போகிற சத்தம்கூடக் காதில் விழாது.

ஓர் இரவு, இரண்டு நாளாகத் தூக்கமில்லாத தங்கை அயர்ந்து கிடந்தாள். குழந்தை என் தோளில் கிடந்து கதறினான். கடையிலிருந்து நான் வாங்கி வைத்திருந்த வசம்பு எண்ணெய் அலமாரியில் இருந்தது. சீசாவின்மேல் புன்சிரிப்போடு ஒரு பாட்டியின் படம். அதன் கீழே 'பரம்பரை வைத்தியம்' என்ற எழுத்து. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே நம்மவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே வாக்குறுதி தருகிற மருந்து என்ன கெடுதல் செய்துவிடப் போகிறது? தாய்மாமன் என்ற உரிமையில், யாரையும் எழுப்பாமல், ஒரு கரண்டியில் கொஞ்சம் விட்டுப் பாலில் கலந்து புகட்டினேன்.

அழுகை நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் குழந்தை வாந்தி எடுத்தான். மறுபடியும் எடுத்தான். பிறகு வாடிய கீரைத் தண்டு போலத் தோளில் துவண்டான். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. நள்ளிரவில் ஆட்டோ தேடி ஓடியதையும், வழி நெடுக என் தங்கை ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே வந்ததையும் விவரிக்க எனக்கு இன்றும் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளம்பெண். சீசாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்தான்" என்றேன்.

"கொஞ்சம் என்றால்?"

பதில் இல்லை. முப்பது வருஷமாக வார்த்தைகளோடு பழகுகிறவன் நான். அன்று அந்த ஒரு சொல்லுக்கு என்னால் அர்த்தம் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மாலை குழந்தை கண் விழித்துப் பால் குடித்தான். மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். பக்கத்து வீட்டு ஆயா வாசலிலேயே காத்திருந்தாள். பேரன் பேத்திகள் பதினொரு பேரை உரை மருந்து கொடுத்து வளர்த்தவள். அவளுடைய உரைகல்லின் நடுவே தேய்ந்து தேய்ந்து ஒரு குழி விழுந்திருக்கும். குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"எத்தினி சுத்து உரைச்சே, தம்பி?"

"உரைக்கவில்லை ஆயா. எண்ணெய்."

"எண்ணெயா? அதை வெளக்குல சுட்டு, கல்லுல ரெண்டே சுத்து உரைக்கணும். மூணாவது சுத்துக்கே எங்க மாமியாரு கையைப் புடிச்சுக்கும். நீ எண்ணெயை அப்பிடியே ஊத்தினியா?"

டாக்டரும் ஆயாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஒருத்தி எழுத்துக்கூட்டவும் அறியாதவள். மற்றவள் பட்டம் பெற்றவள். ஆனால் இருவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. அந்த ஒற்றுமைதான் வெகு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. பாட்டி வைத்தியமா, விஞ்ஞானமா என்று நாம் மேடை போட்டு வாதாடுகிறோமே, அந்த வாதத்தில் எங்கோ ஓர் அடிப்படைத் தவறு இருக்கிறது என்று அன்றுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

காலை ரயிலில் என்னோடு வருகிற நண்பர் ஒருவர் மருந்தியல் ஆராய்ச்சி செய்கிறவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். திருநின்றவூரிலிருந்து வில்லிவாக்கம் வரும்வரை அவர் எனக்கு வயிற்றைப் பற்றிப் பாடம் நடத்தினார். என் விஞ்ஞானம் கல்லூரி வாசற்படியோடு நின்றுபோன ஒன்று. விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன்.

நம் குடலின் சுவர் ஒரு தசை. கையை மடக்குகிற தசை போல நம் சொல்லைக் கேட்கிற தசை அன்று அது. தானாகவே வேலை செய்வது. அதற்கென்று ஒரு தாளம் உண்டு. இரைப்பையில் நிமிஷத்துக்குச் சுமார் 3 தடவை, சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12 தடவை, மெல்லிய மின் அலைகள் எழுந்து எழுந்து அடங்குகின்றன. அந்தத் தசையைப் பிரித்துக்கொண்டே போனால், இரண்டு முனையும் கூரான, கண்ணுக்குத் தெரியாத நூற்கதிர் போன்ற உயிரணுக்கள் கிடைக்கும். ஒவ்வோர் அணுவின் தோலிலும் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. மின் நிலை மாறும்போது வாசல் திறக்கிறது; சுண்ணாம்புச் சத்தின் மின்னேற்றம் பெற்ற துகள்கள் உள்ளே பாய்கின்றன; அணு சுருங்குகிறது. லட்சக்கணக்கான அணுக்கள் இப்படிச் சேர்ந்து அளவுக்கு மீறி இறுகிக்கொள்வதைத்தான் நாம் 'பிடித்து இழுக்கிறது' என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறோம்.

அந்த வாசல் வழியே போகிற மின்னோட்டத்தை அளக்க முடியும் என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய முனையாக்குவார்களாம். அந்த முனையை ஓர் உயிரணுவின் தோலில் மெல்ல வைத்து இலேசாக உறிஞ்சினால், இரண்டும் சீல் வைத்தது போல ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த அணுவின் தோலைக் கடந்து போகிற மின்சாரத்தைக் கருவி காட்டிக் கொடுத்துவிடும். ஜெர்மனியில் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் 1976-இல் தவளையின் தசையில் இதைச் செய்து காட்டினார்கள். 1991-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 'பேட்ச் கிளாம்ப்' என்று அந்த முறைக்குப் பெயர்.

அதே 1991-இல்தான் ஹில்ஸ், ஆரன்சன் என்ற இருவர் இந்தக் கண்ணாடி ஊசியைக் கொண்டு ஒரு பாட்டி வைத்தியத்தைச் சோதித்து எழுதினார்கள். மிளகுப் புதினா என்று ஒரு செடி. நம் சட்டினிப் புதினாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அதன் எண்ணெய் வயிற்றுப் பொருமலுக்கு நல்லது என்பது மேல்நாட்டுப் பாட்டிமார்களின் பழைய நம்பிக்கை. கினிப் பன்றியின் பெருங்குடல் மேல் நாடா போல ஓடும் தசையை எடுத்து, ஒரு மருந்தால் அதைச் சுருங்கச் செய்து, எண்ணெயைச் சேர்த்தார்கள், தசை தளர்ந்தது. முயலின் சிறுகுடலிலிருந்து தனித்தனி அணுக்களைப் பிரித்தெடுத்து ஊசியை வைத்தார்கள். எண்ணெய் கூடக் கூட, சுண்ணாம்புச் சத்து உள்ளே போகும் மின்னோட்டம் குறைந்தது. இரத்தக் கொதிப்புக்குத் தருகிற ஒரு வகை மாத்திரை செய்கிற காரியமும் ஏறக்குறைய இதுவே. நம் ஓமமும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. கராச்சியில் ஆகா கான் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் முயலின் குடலைக் கொண்டு 2005-இல் ஓமத்தைப் பற்றியும், 2006-இல் வசம்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி ஊசி வைக்காமல், குடல் துண்டு சுருங்குவதையும் தளர்வதையும் அளந்து, இரண்டும் அதே வாசலைத்தான் அடைக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அன்று மாலை எனக்கு ஒரே குதூகலம். ஆயாவிடம் ஓடிப்போய், அவள் தருகிற ஓமத் தண்ணீரை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது என்று சொன்னேன். மகிழ்ந்து போவாள் என்று எண்ணினேன். அவளோ, "எப்பிடிக் கண்டுபுடிச்சாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏந்தம்பி, நான் சொன்னா நம்ப மாட்டாங்க, முயலு செத்துச் சொன்னா நம்புவாங்களா?"

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தேடித்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன். வயிற்று வலிக்கு ஓமம் கேட்கும் என்பது ஊரறிந்த சங்கதி. தெரிந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள ஒரு ஜீவனைக் கொல்லலாமா? ஆயா கேட்டதில் கருணை மட்டும் இல்லை, ரோஷமும் இருந்தது. ஆயினும் கேள்வி நியாயமானது.

இதே கேள்வியை நம் சென்னைக்காரர் ஒருவர் நாட்டின் சட்ட மன்றத்திலேயே எழுப்பினார். கலாக்ஷேத்திரத்தின் ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் ராஜ்ய சபையில் மிருக வதைத் தடுப்புக்காகத் தனி மசோதா கொண்டுவந்தார். அரசாங்கமே ஒரு மசோதா கொண்டுவரும் என்று நேரு உறுதி கூறியதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அதன் தலைமையகம் பல்லாண்டுகள் சென்னையிலேயே இருந்தது.

அந்தச் சட்டம் சோதனைகளைத் தடை செய்துவிடவில்லை. தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்க்க வேண்டும், செய்தால் இரக்கத்தோடு செய்ய வேண்டும், அறுக்கும்போது வலி தெரியாமல் மயக்க மருந்து தர வேண்டும் என்று வகுத்தது. அதில் ஒரு வாசகம் என் மனத்தை விட்டு அகலவில்லை. சிறு பிராணிகளைக் கொண்டு அதே முடிவைப் பெற முடியுமானால் பெரிய பிராணிகளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, சிறு பிராணிகளுக்கு உதாரணமாகக் கினிப் பன்றி, முயல், தவளை, எலி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. கருணைக்காகவே பிறந்த சட்டம்கூட, கருணை எங்கே நிற்கும் என்று ஒரு கோடு கிழிக்க வேண்டியிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் முயல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும்போது ஒரு சட்டத்தைப் படிக்கிற உணர்ச்சியும் வரவில்லை.

சரி, சோதனையே வேண்டாம், பாட்டியின் அனுபவம் போதும் என்று முடித்துவிடலாமா? அப்படித்தான் முடிக்க இருந்தேன். அப்போது ஆயாவின் மாமியார் ஞாபகத்துக்கு வந்தாள்.

மூன்றாவது சுற்றில் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாளே, அவளுக்கு எப்படித் தெரியும், இரண்டு சுற்று சரி, மூன்று சுற்று தப்பு என்று? அவளுக்கு அவளுடைய மாமியார் சொல்லியிருப்பாள். அந்த மாமியாருக்கு? பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், என்றோ ஒரு நாள், ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒருத்தி மூன்று சுற்றோ நான்கு சுற்றோ உரைத்துக் கொடுத்திருக்கத்தான் வேண்டும். கையைப் பிடித்த அந்தக் கைக்குப் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது. அதன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 'மாந்தம்' என்றோ 'தோஷம்' என்றோ சொல்லி அழுது முடித்திருப்பார்கள்.

பரம்பரை அறிவு சோதனையே இல்லாமல் வானத்திலிருந்து இறங்கியதாக நாம் பேசுகிறோம். அதுவும் சோதனைதான். முயலுக்குப் பதில் நம் பிள்ளைகளே அதில் சோதனைப் பொருள்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிழைத்தவர்கள் வளர்ந்து பாட்டியின் புகழைச் சொன்னார்கள். பிழைக்காதவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு அது. சோதனைச் சாலையின் கணக்கில் செலவும் எழுதியிருக்கிறது. முயல் எத்தனை, எண்ணெய் எத்தனை என்று படிக்கும்போது நமக்கு வயிற்றைப் புரட்டுகிறது. புரட்டத்தான் வேண்டும். எழுதாத கணக்கு நமக்கு அருவருப்பைத் தராததால் அது அகிம்சை ஆகிவிடாது.

அனுபவத்தின் கண்ணுக்கு எட்டாத தீங்கும் உண்டு. இன்று கொடுத்து இன்றே வாந்தி எடுத்தால் எந்தப் பாட்டியும் கண்டுகொள்வாள். வெகு காலம் கழித்து வருகிற கெடுதலை எந்தக் கூர்மையான பாட்டியாலும் ஓர் உரைகல்லோடு முடிச்சுப் போட முடியாது. ஜம்முவில் விளைந்த வசம்பின் எண்ணெயை உணவில் கலந்து நெடு நாள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1967-இல் எழுதினார்கள்: சிறுகுடலில் கட்டிகள் கண்டன. இந்திய வசம்பில் மிகுதியாக இருக்கும் ஆசரோன் என்ற பொருளின்மேல் பழி விழுந்தது. மறு வருஷமே அமெரிக்கா வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவுப் பண்டங்களில் சேர்க்கக்கூடாது என்று தடை செய்தது. அந்த எலிகள் இல்லையானால் இது நமக்குத் தெரிந்திராது.

அதற்காக விஞ்ஞானம் சொன்னதை வேத வாக்காக எடுத்துக்கொள்வதும் சரியில்லை. நண்பரே எச்சரித்தார். ஊசி சொன்னது இவ்வளவுதான்: இந்த அணுவில், இந்த அளவு எண்ணெய்க்கு, மின்னோட்டம் இவ்வளவு குறைந்தது. அழுகிற குழந்தையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க்கு நம் உடம்பில் எது இளக வேண்டிய தசை, எது இறுக வேண்டிய தசை என்ற விவேகம் கிடையாது. குடலை இளக்குகிற அதே மிளகுப் புதினா, உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் கதவு போல நிற்கிற தசையையும் இளக்கிவிடும், நெஞ்செரிச்சல் வரும். பெரியவர்களின் ஒரு வகைக் குடல் உபாதைக்கு அந்த எண்ணெயைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று 2021-இல் அமெரிக்க இரைப்பை, குடல் மருத்துவர்களின் சங்கம் கூறியது. கூறிய கையோடு, சான்று தரத்தில் குறைந்தது என்றும் சேர்த்து எழுதியது. முயல் இறந்து முப்பது வருஷம் கழித்தும் அவ்வளவு அடக்கமாகத்தான் பேசுகிறார்கள். நானோ ஒரு சீசாவின் படத்தைப் பார்த்து அந்த அடக்கத்தைக்கூட மறந்தேன்.

அந்தச் சீசாவைப் பிறகு எடுத்து நிதானமாகப் படித்தேன். ஒரு பக்கம் பாட்டியின் படம். மறு பக்கம் 'விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்டது' என்ற வாசகம். எத்தனை சொட்டு, எத்தனை மாதக் குழந்தைக்கு என்பது மட்டும் எங்கும் இல்லை. பாட்டியிடமிருந்து அவளுடைய பேரை எடுத்துக்கொண்டார்கள், இரண்டு சுற்றை விட்டுவிட்டார்கள். சோதனைச் சாலையிலிருந்து அதன் மதிப்பை எடுத்துக்கொண்டார்கள், அளவை விட்டுவிட்டார்கள். வேரைச் சுட்டுக் கல்லில் இரண்டு சுற்று தேய்த்தால் பாலில் இறங்குவது எத்தனை? அந்த வேரின் எண்ணெயை மட்டும் வடித்துக் கரண்டியில் விட்டால் இறங்குவது எத்தனை? இரண்டும் ஒரே வசம்புதான். ஒன்று பிள்ளை வளர்ப்பான். மற்றது என்ன என்று நான் அந்த இரவு பார்த்துவிட்டேன்.

சீசாக்காரனைத் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள நானும் ஆசைப்பட்டேன். மனசாட்சி விடவில்லை. அளவு எழுதாதது அவன் குற்றம். கேட்காதது என் குற்றம். ஏன் கேட்கவில்லை? கேட்டால் தாமதமாகும். தங்கையை எழுப்ப வேண்டும், ஆயா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். எனக்கு அந்த அழுகை உடனே நிற்க வேண்டியிருந்தது. வெகு நாள் கழித்து என் தங்கை ஒரே ஒரு தடவை இதைப் பற்றிப் பேசினாள். "என்னை எழுப்பியிருக்கலாமே அண்ணா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று நான் வைத்தியம் செய்தது குழந்தையின் வயிற்றுக்கா, என் தூக்கத்துக்கா என்று அவள் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது.

என் வயிற்றுக்கு நான் எதையும் நம்பிக் குடிக்கலாம். நம்பிக்கை பொய்த்தால் நோகப்போவது நான். ஆனால் வாய் பேசத் தெரியாத இன்னோர் உயிரின் வாயில் ஒன்றை விடும்போது என் நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பது கணக்கில் வராது. அங்கே எனக்கு வேண்டியது அளவு. அந்த அளவை யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். யாரோ அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். பெயரில்லாத அந்தக் குழந்தையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த முயலும் நம்மிடம் நன்றி கேட்கவில்லை. அவர்கள் செத்துச் சொன்னதைக் கேட்டுக்கொள்ளாமல் மறுபடியும் முதலிலிருந்து நாம் தொடங்கினால், அவர்களை இரண்டாம் தடவை கொன்றவர்கள் ஆவோம். ஆயாவுக்கு நான் வைத்திருக்கிற பதில் இதுதான். முயலைக் கொன்றது சரி என்று என்னால் சொல்ல முடியாது. அது சொன்னதைக் கேட்காமல் இருப்பது தவறு என்று மட்டும் சொல்ல முடியும்.

இதையெல்லாம் அவளிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. எலிகளைப் பற்றி மட்டும் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பதினொரு பேரை வளர்த்த கையாயிற்றே, மனம் நோகுமோ என்ற பயம் எனக்கு. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எதிர்த்துப் பேசவில்லை, எலிக்கு வந்தால் மனுஷனுக்கு வருமா என்று அடித்துப் பேசவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த எலிங்களுக்கு எத்தினி குடுத்தாங்க தம்பி?"

நண்பர் சொல்லியிருந்தபடி, தீனியோடு கலந்து, நாள் தவறாமல், நெடு நாள் என்றேன்.

"அப்ப என்னுது கொறைச்சல்தான்" என்றாள். பிறகு, "இருந்தாலும்..." என்று இழுத்தாள்.

அந்த மாதமே அவளுடைய கொள்ளுப் பேத்திக்குத் தொட்டில் கட்டினார்கள். குழந்தையின் கையில் வசம்பு வளையல் இருந்தது. உரைகல்லைக் காணோம். கேட்டபோது, "கையில கெடக்கட்டும், வாயிக்கு வேணாம். டாக்டரம்மா கையில கேட்டுக்கலாம்" என்றாள். கல் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்கு அண்டை கொடுத்துக் கிடந்தது. அதன் குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.